மேலே என்ன, கீழே என்ன: மாநிலங்களின் உற்பத்தியை ஒப்பிடப் பழகுபவர்களுக்கு

எந்தக் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் மாதம் ஒரு முறையாவது இந்தச் சண்டை வரும். தமிழ்நாடு நாட்டிலேயே இரண்டாவது பெரிய பொருளாதாரம் என்று மாமா ஒரு படம் போடுவார். பெங்களூரில் இருக்கும் மருமகன், தலைக்கு எவ்வளவு என்று பார்த்தால் கர்நாடகம்தான் மேலே என்று இன்னொரு படம் போடுவார். நொய்டாவில் வேலை பார்க்கும் யாராவது வளர்ச்சி விகிதத்தோடு வருவார்கள். மூன்று படங்களும் சரியாகவே இருக்கலாம். மூன்றும் வேறு வேறு கேள்விகளுக்கான பதில்கள், அவ்வளவுதான்.

இந்தக் கட்டுரை அந்தச் சண்டையில் ஜெயிக்க உதவாது. மாநில எண்களைக் கையில் எடுத்து நீங்களே ஒப்பிட்டுப் பார்க்க ஆசைப்பட்டால் எங்கே தொடங்குவது, எங்கே கால் இடறும் என்பதை மட்டும் சொல்கிறேன். பொருளாதாரம் படித்திருக்க வேண்டியதில்லை. எக்செல்லில் வகுக்கத் தெரிந்தால் போதும். ஒப்பீடு என்பது கடைசியில் ஒரு வகுத்தல்தான். மேலே ஓர் எண், கீழே ஓர் எண். இரண்டும் ஒரே ஊரை, ஒரே ஆட்களை, ஒரே ஆண்டைப் பற்றியவையா என்று பார்ப்பதில்தான் வேலை முழுவதும் இருக்கிறது.

முதலில் கேள்வியை எழுதிக்கொள்ளுங்கள்

காகிதத்தில் ஒரு வரி போதும். "எந்த மாநிலத்தில் அதிகம் உற்பத்தி ஆகிறது?" என்பது ஒரு கேள்வி. "எந்த மாநிலத்து மக்கள் வசதியாக இருக்கிறார்கள்?" என்பது வேறு. "எங்கே ஓர் ஆள் உழைத்தால் அதிக மதிப்பு உண்டாகிறது?" என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு மொத்த உற்பத்தி போதும். இரண்டாவதற்கு வருமானமும் செலவும் வேண்டும். மூன்றாவதுதான் உற்பத்தித்திறன். அதற்குக் கீழே போட வேண்டியது மக்கள்தொகை அல்ல, வேலை செய்பவர்களின் எண்ணிக்கை.

உத்தரப் பிரதேசத்தையும் தமிழ்நாட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். மொத்த உற்பத்தியில் சில ஆண்டுகளாகவே இரண்டும் பக்கத்துப் பக்கத்து இடங்களில்தான் நிற்கின்றன. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அங்கே 19.98 கோடிப் பேர், இங்கே 7.21 கோடி. ஏறக்குறைய ஒரே அளவு பானை, பந்தியில் உட்காருபவர்கள் மட்டும் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. மொத்தத்தை மட்டும் பார்க்கிறவருக்கு இது தெரியவே தெரியாது.

மேலே போடும் எண்

மாநில அளவில் நாம் பயன்படுத்துவது மாநில மொத்த உள்நாட்டு உற்பத்தி. பேச்சில் ஜி.எஸ்.டி.பி. ஒவ்வொரு மாநிலத்திலும் உள்ள பொருளியல், புள்ளியியல் துறை இதைக் கணக்கிடுகிறது. மத்திய அரசின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் அதைச் சரிபார்த்து, எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து வெளியிடுகிறது. ரிசர்வ் வங்கி ஆண்டுதோறும் வெளியிடும் இந்திய மாநிலங்களுக்கான புள்ளிவிவரக் கையேட்டில் இவை எக்செல் தாள்களாகவே கிடைக்கும். புதியவர்களுக்கு அதைத்தான் நான் சொல்வேன். ஒரே இடத்தில் எல்லா மாநிலமும் ஒரே வடிவத்தில் இருப்பது பெரிய நிம்மதி.

உற்பத்தி என்றால் விற்ற பணம் என்று நினைத்துவிடாதீர்கள். திருப்பூரில் ஒரு டி-ஷர்ட்டை 200 ரூபாய்க்கு ஏற்றுமதி செய்கிறார் ஒருவர் என்று வையுங்கள். நூல் வாங்கியது, நிட்டிங்குக்கும் சாயப்பட்டறைக்கும் கொடுத்தது, பட்டன், லேபிள், அட்டைப்பெட்டி, கரண்ட் பில் எல்லாம் சேர்த்து 140 ரூபாய். மிச்சம் 60 ரூபாய்தான் அவருடைய யூனிட் கூட்டிய மதிப்பு. அந்த 60-க்குள்தான் தையல்காரரின் கூலியும் முதலாளியின் லாபமும் மெஷின் தேய்மானமும் கடன் வட்டியும் அடக்கம். நூல் கோவைப் பக்கத்து மில்லில் இருந்து வந்திருந்தால் அதன் மதிப்பு அந்த மில் கணக்கில் ஏற்கெனவே வந்திருக்கும். அதே நூல் குஜராத்தில் இருந்து வந்திருந்தால் குஜராத் கணக்கில் போயிருக்கும். (இந்த ரூபாய்க் கணக்கு விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டது.) இப்படி எல்லாத் துறைகளிலும் கூட்டிய மதிப்பைச் சேர்த்து, பொருள்கள் மீதான வரியைக் கூட்டி, மானியத்தைக் கழித்தால் ஜி.எஸ்.டி.பி.

இங்கே மனத்தில் ஊன்றிக்கொள்ள வேண்டிய ஒன்று: இந்தக் கணக்கு உற்பத்தி எங்கே நடந்தது என்று பார்க்கிறது. பணம் கடைசியில் யார் வீட்டுக்குப் போனது என்று பார்ப்பதில்லை.

சிக்கிமைப் பாருங்கள். 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 6,10,577. நம் ஊர்ப் பெரிய மாநகராட்சி ஒன்றின் அளவுகூட இல்லை. ஆனால் தலைக்கு உற்பத்தியில் நாட்டின் உச்சியில் நிற்கும் மாநிலங்களில் ஒன்று. காரணம், தீஸ்தா ஆற்று நீர்மின் நிலையங்களும் வரிச்சலுகைக்காக வந்த மருந்துத் தொழிற்சாலைகளும். மாத்திரை சிக்கிமில் தயாராகிறது, அதனால் மதிப்பு சிக்கிம் கணக்கில் ஏறுகிறது. லாபத்தின் பெரும்பங்கு தலைமையகம் இருக்கும் ஊருக்குப் போய்விடுகிறது. சிக்கிம் எண்ணைப் பார்த்துவிட்டு அங்கே ஒவ்வொரு குடும்பமும் அவ்வளவு சம்பாதிக்கிறது என்று எழுதினால் தப்பு.

கேரளம் இதற்கு நேர் எதிர். வளைகுடாவில் உழைத்து வீட்டுக்கு அனுப்பும் பணம் கேரளத்தின் உற்பத்தியில் சேராது. அந்தப் பணத்தில் கட்டிய வீடும், அதை வைத்து நடக்கும் நகைக்கடை வியாபாரமும் சேரும். அனுப்பிய பணம் சேராது. இதன் விளைவு குடும்பச் செலவுக் கணக்கெடுப்பில் நன்றாகத் தெரிகிறது. 2022-23-ல் கிராமப்புறத்தில் ஓர் ஆளின் சராசரி மாதச் செலவு கேரளத்தில் 5,924 ரூபாய், தமிழ்நாட்டில் 5,310, குஜராத்தில் 3,798. நாட்டுச் சராசரி 3,773. தலைக்கு உற்பத்தியில் கேரளத்தைவிட மேலே இருக்கும் குஜராத், கிராமத்துச் செலவில் நாட்டுச் சராசரியை ஒட்டித்தான் நிற்கிறது. இதற்கு வெளிநாட்டுப் பணம் மட்டும் காரணமில்லை. ஆலையின் மதிப்பில் கூலிக்குப் போவது எவ்வளவு, லாபமாகப் போவது எவ்வளவு என்பதும் இருக்கிறது. வசதியைப் பற்றி எழுதப்போகிறீர்கள் என்றால் ஜி.எஸ்.டி.பி. பக்கத்தில் இந்தச் செலவுக் கணக்கையும் வைத்துக்கொள்ளாமல் எழுதாதீர்கள்.

இன்னும் இரண்டு சங்கதி. ரயில்வே, தொலைத்தொடர்பு, வங்கி, காப்பீடு, மத்திய அரசு நிர்வாகம் போன்றவை மாநில எல்லைக்குள் அடங்காதவை. சென்னையில் இருந்து ஹவுரா போகும் ரயிலின் மதிப்பு எந்த மாநிலத்துக்கு? தேசிய அளவில் மொத்தம் போட்டுவிட்டு, சில குறியீடுகளை வைத்து மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறார்கள். ஆக, இந்தத் துறைகளில் இரு மாநிலங்களுக்கு இடையே தெரியும் சின்ன வித்தியாசத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அப்புறம், சொந்த வீட்டில் குடியிருப்பவர் தனக்குத் தானே வாடகை கொடுத்துக்கொள்வதாக ஒரு கணக்கும் உள்ளே இருக்கிறது. கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் அதை விட்டுவிட்டால், எல்லோரும் வாடகை வீட்டில் இருக்கும் ஊர் பணக்கார ஊராகவும் எல்லோரும் சொந்த வீட்டில் இருக்கும் ஊர் ஏழை ஊராகவும் தெரியும்.

"தனிநபர் வருமானம்" என்று செய்தித்தாளில் வருகிறதே, மாநிலங்களுக்கு அது உண்மையில் வருமானம் அல்ல. ஜி.எஸ்.டி.பி.யில் தேய்மானத்தைக் கழித்து மக்கள்தொகையால் வகுத்தது. 2022-23-ல் தமிழ்நாட்டுக்கு 2.78 லட்சம் ரூபாய், நாட்டுக்கு 1.69 லட்சம் என்று தமிழ்நாடு அரசின் பொருளாதார ஆய்வறிக்கை சொல்கிறது, 1.64 மடங்கு. இதில் நாட்டுக்கான எண்ணில் வெளிநாட்டோடான வருமானப் போக்குவரத்தும் சேர்ந்திருக்கும், மாநில எண்ணில் அது இருக்காது. வித்தியாசம் சின்னது, ஒப்பீட்டைக் கெடுக்காது. இருந்தாலும் பெயரை நம்பி ஏமாற வேண்டாம் என்பதற்காகச் சொன்னேன்.

நடப்பு விலையா, நிலையான விலையா

ஒவ்வொரு மாநிலத்துக்கும் இரண்டு அட்டவணை இருக்கும். நடப்பு விலை என்றால் அந்தந்த ஆண்டின் விலையில் போட்டது. நிலையான விலை என்றால் ஒரு குறிப்பிட்ட ஆண்டின் விலையை எல்லா ஆண்டுக்கும் பிடித்துவைத்துப் போட்டது. ஒரே ஆண்டில் மாநிலங்களை வரிசைப்படுத்த நடப்பு விலை. ஆண்டுக்கு ஆண்டு வளர்ச்சியைப் பார்க்க நிலையான விலை. இது எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. எனக்கும் தெரியும். தெரிந்தும் ஒரு முறை மாட்டிக்கொண்டேன்.

தமிழ்நாட்டையும் இன்னொரு மாநிலத்தையும் பத்தாண்டுக் கோடுகளாக வரைந்து ஒரு கூட்டத்தில் காட்டினேன். தமிழ்நாட்டுக் கோடு விண்ணுக்குப் பறந்தது. அறையில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. பின்வரிசையில் இருந்த ஓய்வு பெற்ற புள்ளியியல் அலுவலர் ஒருவர் எழுந்து, "தம்பி, 2011-12-ல ரெண்டு கோடும் எந்தத் தாள்ல இருந்து எடுத்தீங்க?" என்று மட்டும் கேட்டார். அடுத்தடுத்த தாள்கள். ஒன்றில் நடப்பு விலை, மற்றதில் நிலையான விலை. நான் ஒப்பிட்டது மாநிலங்களை அல்ல, விலைவாசியை.

அவர் பிறகு சொல்லிக்கொடுத்த சோதனையை இன்றைக்கும் செய்கிறேன். அடிப்படை ஆண்டில் நடப்பு விலை எண்ணும் நிலையான விலை எண்ணும் ஒன்றாகவே இருக்கும். நீண்ட காலம் புழக்கத்தில் இருந்த தொடருக்கு அடிப்படை ஆண்டு 2011-12. அந்த வரியில் இரண்டு தாள்களும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். ஒத்துப்போனால் சரியான தாள்களில்தான் இருக்கிறீர்கள். அதற்குப் பின்னுள்ள ஆண்டுகளில் பெரிய எண் எதில் இருக்கிறதோ அது நடப்பு விலை.

அடிப்படை ஆண்டு மாறும்போது முறையும் தரவு மூலங்களும் சேர்ந்தே மாறும். 2004-05 தொடரின் கடைசி எண்ணுக்குப் பக்கத்தில் 2011-12 தொடரின் முதல் எண்ணை ஒட்டவைத்து வளர்ச்சி பார்ப்பது, அடியில் அளந்த சுவரையும் மீட்டரில் அளந்த சுவரையும் கூட்டுவது மாதிரி. நீண்ட காலம் பார்க்க வேண்டும் என்றால் ரூபாயை விட்டுவிட்டு விகிதத்துக்குப் போய்விடுங்கள். நாட்டுச் சராசரி 100 என்றால் இந்த மாநிலம் எத்தனை? அந்தந்தத் தொடருக்குள்ளேயே இந்த விகிதத்தைப் போட்டுக்கொண்டால் பெரும்பாலான தலைவலி போய்விடும்.

மேற்கு வங்கத்தின் கதையை இப்படித்தான் படிக்க வேண்டும். பிரதமரின் பொருளாதார ஆலோசனைக் குழு 2024-ல் வெளியிட்ட ஆய்வுத்தாளின்படி, நாட்டின் உற்பத்தியில் அதன் பங்கு 1960-61-ல் 10.5 சதவீதம். 2023-24-ல் 5.6. பங்கு குறைவதற்கு மக்கள்தொகை மெதுவாக வளர்வதுகூடக் காரணமாக இருக்கலாம் அல்லவா? அதனால் தலைக்கு எவ்வளவு என்றும் பார்க்க வேண்டும். நாட்டுச் சராசரியில் 127.5 சதவீதமாக இருந்தது 83.7-க்கு இறங்கியிருக்கிறது. இரண்டும் ஒரே திசையில் போவதால் சரிவு நிஜம் என்று தைரியமாக எழுதலாம்.

வளர்ச்சி விகிதங்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. 2024-25-க்குத் தமிழ்நாட்டின் வளர்ச்சி 9.69 சதவீதம் என்று முதலில் வந்தது. சில மாதங்களில் அதே ஆண்டுக்கு 11.19 என்று திருத்தம் வந்தது. யாரும் ஏமாற்றவில்லை. முதலில் வருவது முன்மதிப்பீடு, கணக்குகள் வந்து சேரச் சேர மாறும். மாநிலங்களை ஒப்பிடும்போது எல்லாவற்றுக்கும் ஒரே வெளியீட்டில் இருந்து எடுங்கள். கடைசி ஆண்டை விட்டு அதற்கு முந்தைய ஒன்றிரண்டு ஆண்டை எடுத்தால் இன்னும் நல்லது. பரபரப்பு குறையும், நிம்மதி கூடும்.

கீழே போடும் எண்

என் அனுபவத்தில் மேலே இருக்கும் எண்ணைவிட இதுதான் அதிகம் படுத்தும்.

மக்கள்தொகையில் இருந்து தொடங்குவோம். கடைசியாக முழுமையாக எண்ணியது 2011-ல். அதற்குப் பின்னுள்ள ஆண்டுகளுக்கு அரசின் தொழில்நுட்பக் குழு 2020-ல் வெளியிட்ட, 2036 வரை போகும் முன்கணிப்பைத்தான் எல்லோரும் பயன்படுத்துகிறார்கள். முன்கணிப்பில் இடம்பெயர்வு பழைய போக்கிலேயே தொடரும் என்று வைத்துக்கொண்டிருப்பார்கள். திருப்பூரிலும் கேரளத்தின் பெரும்பாவூரிலும் வந்து குவிந்த வடமாநிலத் தொழிலாளர்கள் அந்தப் பழைய போக்குக்குள் எந்த அளவு அடங்குவார்கள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். அவர்கள் உழைப்பால் வரும் மதிப்பு மேலே ஏறிவிடுகிறது. அவர்கள் தலை கீழே ஏறாமல் போனால் அந்த ஊர் உள்ளதைவிடப் பணக்காரத்தனமாகத் தெரியும்.

உற்பத்தித்திறனுக்கு வேலை செய்பவர்களின் எண்ணிக்கை வேண்டும். 2017-18 முதல் நடக்கும் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பு இதற்கான மூலம். அது எண்ணிக்கையை நேரடியாகத் தராது. நூறு பேரில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்ற விகிதத்தைத் தரும். அதை மக்கள்தொகையோடு பெருக்கிக்கொள்ள வேண்டும். விகிதம் எல்லா வயதினருக்கா, 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கா என்று பார்த்து, அதே வயது மக்கள்தொகையோடுதான் பெருக்க வேண்டும். இதில் தவறு செய்யாத புதியவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

அடுத்து, யார் தொழிலாளி? அந்தக் கணக்கெடுப்பில் இரண்டு அளவுகோல்கள் உண்டு. கடந்த ஓராண்டின் வழக்கமான நிலையைப் பார்ப்பது ஒன்று. கடந்த ஒரு வாரத்தைப் பார்ப்பது இன்னொன்று. முதலாவதில் ஆண்டில் முப்பது நாள் துணைத்தொழிலாக ஏதாவது செய்தவரும் வந்துவிடுவார். காலையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, பால் கறந்து சொசைட்டியில் ஊற்றிவிட்டு வரும் அக்கா, சம்பளம் வாங்காத குடும்ப உதவியாளராக அதே பட்டியலில் இருக்கிறார். இரவு ஷிப்ட் முடித்து ஒரகடத்தில் பஸ் ஏறும் இளைஞரும் அதில் ஒருவர். இமாச்சலப் பிரதேசம் போல் பெண்கள் பெருமளவில் வயல்வேலை செய்கிற, அதைக் கணக்கிலும் சொல்கிற மாநிலத்தில் கீழே இருக்கும் எண் பெரிதாகிவிடும். ஆகவே ஆள் ஒருவருக்கான உற்பத்தி குறைந்து தெரியும். அங்கே சோம்பல் என்று அதற்கு அர்த்தமில்லை. மணிக்கணக்கில் வகுக்க முடிந்தால் இந்தச் சிக்கல் தணியும். பிரிட்டனின் புள்ளியியல் அலுவலகம் தன் வட்டாரங்களுக்கு ஒரு மணி நேர உழைப்புக்கு எவ்வளவு மதிப்பு என்றே வெளியிடுகிறது. நம் கணக்கெடுப்பிலும் வேலை நேரம் கேட்கிறார்கள், ஆனால் மாநிலவாரியாக அதைப் பயன்படுத்திக் கணக்குப் போடக் கொஞ்சம் பழக்கம் வேண்டும். முதல் முயற்சியில் தேவையில்லை.

ஆண்டும் இடிக்கும். ஜி.எஸ்.டி.பி. ஏப்ரல் முதல் மார்ச் வரை. தொழிலாளர் கணக்கெடுப்பு 2023-24 வரை ஜூலை முதல் ஜூன் வரை. மூன்று மாத விலகலால் குடி முழுகிவிடாது. கொரோனா ஆண்டான 2020-21-க்கு மட்டும் கவனம்: ஊரடங்கின் மோசமான மாதங்கள் உற்பத்திக் கணக்கில் ஓர் ஆண்டிலும் தொழிலாளர் கணக்கில் முந்தைய ஆண்டிலுமாக விழுந்திருக்கும்.

இப்போது வகுத்துப் பாருங்கள்

தலைக்கு உற்பத்தி என்பது இரண்டின் பெருக்கல்: ஓர் உழைப்பாளிக்கான உற்பத்தி, மக்களில் உழைப்பவர்களின் பங்கு. கற்பனையாக இரண்டு மாநிலங்கள். வடகரையில் தலைக்கு 2,00,000 ரூபாய், நூறில் 40 பேர் வேலை செய்கிறார்கள். தென்கரையில் தலைக்கு 1,80,000, நூறில் 30 பேர். வகுத்தால் வடகரையில் உழைப்பாளி ஒருவருக்கு 5,00,000. தென்கரையில் 6,00,000. வரிசை தலைகீழாகிவிட்டது. தென்கரையின் பிரச்சினை தொழில்நுட்பம் இல்லை. அங்கே குழந்தைகளோ முதியவர்களோ அதிகம், இல்லையென்றால் பெண்கள் வேலைக்குப் போக வழியில்லை. செய்ய வேண்டியதும் அதற்கேற்ப மாறும்.

இன்னும் ஒரு படி உள்ளே போகலாம். தேசிய அளவில் 2023-24-ல் வேலை செய்பவர்களில் 46.1 சதவீதம் பேர் விவசாயத்தில் இருந்தார்கள். கூட்டிய மதிப்பில் விவசாயத்தின் பங்கு சுமார் 18 சதவீதம். அதாவது விவசாயத்துக்கு வெளியே இருக்கும் ஓர் ஆள் உண்டாக்கும் மதிப்பு, உள்ளே இருப்பவருடையதைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு. இவ்வளவு இடைவெளி இருக்கும் நாட்டில், ஒரு மாநிலத்தின் சராசரியை முடிவு செய்வது அங்கே எத்தனை பேர் எந்தத் துறையில் இருக்கிறார்கள் என்பதுதான்.

மறுபடியும் கற்பனை எண்கள், புதிதாக. வடகரையில் பாதிப் பேர் விவசாயத்தில், ஆளுக்கு 1 லட்சம். மீதிப் பாதி மற்ற துறைகளில், ஆளுக்கு 5 லட்சம். சராசரி 3 லட்சம். தென்கரையில் 20 சதவீதம் விவசாயத்தில், ஆளுக்கு அதே 1 லட்சம். 80 சதவீதம் மற்ற துறைகளில், ஆளுக்கு 4.5 லட்சம். சராசரி 3.8 லட்சம். தென்கரை முன்னால் நிற்கிறது, ஆனால் எந்த ஒரு துறையிலும் அது வடகரையை முந்தவில்லை! வடகரையின் திறனை வைத்துக்கொண்டு ஆட்களை மட்டும் தென்கரை மாதிரி பிரித்தால் 4.2 லட்சம் வரும். ஆக, 0.8 லட்ச இடைவெளியில் துறை அமைப்பு கொடுத்தது 1.2, துறைக்குள் இருக்கும் திறன் பறித்தது 0.4. இந்தக் கணக்கை நிஜ மாநிலங்களுக்கு ஒரு தடவை போட்டுப் பாருங்கள். "அவர்கள் நம்மைவிடத் திறமைசாலிகள்" என்ற வாக்கியத்தை அதற்கப்புறம் எழுத மனசு வராது.

ஆலைக்குள்: தமிழ்நாடும் குஜராத்தும்

தொழிற்சாலைகளை மட்டும் ஒப்பிட வேண்டும் என்றால் ஆண்டுத் தொழிற்சாலைகள் கணக்கெடுப்பு இருக்கிறது. மேலே கூட்டிய மதிப்பு, கீழே வேலை செய்தவர்கள், இரண்டும் ஒரே ஆலையின் கணக்குப் புத்தகத்தில் இருந்து வருவதால் மேலும் கீழும் பொருந்தும். இதைவிடச் சுத்தமான வகுத்தல் நமக்குக் கிடைக்காது.

2022-23 கணக்கெடுப்பில் வேலைவாய்ப்பில் முதலிடம் தமிழ்நாடு. அடுத்து மகாராஷ்டிரம், குஜராத். கூட்டிய மதிப்பில் முதலிடம் மகாராஷ்டிரம், அடுத்து குஜராத், மூன்றாவதுதான் தமிழ்நாடு. அதிகம் பேர், மதிப்பு குறைவு. அப்படியென்றால் நம் ஆலைகள் மந்தமா?

குஜராத்தின் ஜாம்நகரில் இருப்பது எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை. பல சதுர கிலோமீட்டருக்குக் குழாயும் கோபுரமும், நடுவே தலைக்கவசம் போட்ட சிலர். திருப்பூரில் ஒரு மாடி முழுக்க வரிசையாகத் தையல் மெஷின்கள், ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆள். ஆம்பூரில் ஷூ மேல்பாகம் தைக்கும் பெண்கள், ஸ்ரீபெரும்புதூரில் போன் பூட்டும் பெண்கள். சுத்திகரிப்பு ஆலையில் ஆளுக்கு வரும் மதிப்பு மலைபோல் இருப்பதற்குக் காரணம் ஆளுக்குப் பின்னால் நிற்கும் முதலீடு. ஆக, ஆளுக்கான மதிப்புக்குப் பக்கத்தில் ஆளுக்கான நிலை மூலதனத்தையும் (கட்டடம், மெஷின் போன்றவற்றில் போட்ட பணம்) ஒரு நெடுவரிசையாகப் போடுங்கள். அதே கணக்கெடுப்பில் அந்த எண்ணும் இருக்கிறது. அதைவிட நல்லது, ஜவுளியை ஜவுளியோடு, வாகனத்தை வாகனத்தோடு ஒப்பிடுவது. எத்தனை பேருக்கு வேலை என்று கேட்பவருக்குத் திருப்பூரும், எவ்வளவு வரி வரும் என்று கேட்பவருக்கு ஜாம்நகரும் பிடிக்கும்.

இதற்குள் வராதவர்களும் உண்டு. மின்சாரம் பயன்படுத்தினால் பத்துப் பேர், இல்லாவிட்டால் இருபது பேர் என்ற வரம்புக்குக் கீழே இருக்கும் யூனிட்டுகள் இந்தக் கணக்கெடுப்பில் இல்லை. செக்கிங், பிசிறு வெட்டுவது, காஜா பட்டன் என்று வீட்டில் நடக்கும் ஜாப் ஒர்க்கும் வராது. ஆலை வேலையை வெளியே பிரித்துக் கொடுக்கும் ஊரில் அந்த உழைப்பாளிகள் கீழே எண்ணப்படவே மாட்டார்கள்.

விலைவாசி

ஒரே ரூபாய்தான், ஆனால் எல்லா ஊரிலும் ஒரே அளவு வாங்காது. மாநிலங்களுக்கு இடையிலான விலை மட்டத்தைக் காட்ட நம்மிடம் வழக்கமாக வெளியாகும் அளவுகோல் இல்லை. நுகர்வோர் விலைக் குறியீடு மாநிலவாரியாக வருகிறதே என்பீர்கள். அது ஒரே மாநிலத்தில் காலப்போக்கில் விலை எப்படி மாறியது என்று சொல்லும், பாட்னாவைவிடக் கொச்சி எவ்வளவு விலை கூடியது என்று சொல்லாது. நான் செய்யும் கைவைத்தியம்: திட்டக்குழு 2011-12-க்கு வெளியிட்ட வறுமைக்கோடுகள். கிராமப்புறத்தில் ஆளுக்கு மாதம் பீகாரில் 778 ரூபாய், தமிழ்நாட்டில் 880, கேரளத்தில் 1,018. விலை வேறுபாட்டை உள்ளே வைத்துப் போட்ட கோடுகள் அவை. கேரளத்துக்கும் பீகாருக்கும் இடையே சுமார் 30 சதவீத இடைவெளி. பழைய கணக்கு, அதுவும் ஏழைகளின் செலவுக்கூடைக்கானது. ஆனாலும் தலைக்கு வருமான இடைவெளியில் விலைக்கு எவ்வளவு கழிக்கலாம் என்று ஒரு மோட்டாக் கணக்குக் கிடைக்கும்.

எல்லைகள் நகரும், மாவட்டங்கள் இன்னும் நகரும்

2000-க்கு முந்தைய பீகார் எண்ணில் ஜாம்ஷெட்பூரும் பொகாரோவும் இருக்கின்றன. அந்த ஆண்டு நவம்பரில் ஜார்க்கண்ட் பிரிந்தது. 2014-க்கு முந்தைய ஆந்திரத்தில் ஹைதராபாத் இருக்கிறது. தொடர் பார்க்கும் முன் இதைப் பாருங்கள்.

மாவட்ட அளவில் இறங்க எல்லோருக்கும் ஆசை. நம் மாவட்டம் எத்தனையாவது என்று தெரிந்துகொள்ளும் ஆசை எனக்கும் உண்டு. தமிழ்நாட்டில் மாவட்ட உற்பத்தி மதிப்பும் வெளியாகிறது. ஆனால் பல துறைகளில் அது மாநில மொத்தத்தை ஏதாவது ஒரு குறியீட்டைக் கொண்டு மாவட்டங்களுக்குப் பங்கிட்டதுதான், நேரில் அளந்தது அல்ல. 2019-ல் கள்ளக்குறிச்சி, தென்காசி, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், செங்கல்பட்டு, 2020-ல் மயிலாடுதுறை என்று 32 மாவட்டங்கள் 38 ஆயின. பழைய காஞ்சிபுரத்தையும் புதிய காஞ்சிபுரத்தையும் ஒரே கோட்டில் வரைந்தால், செங்கல்பட்டு பிரிந்த ஆண்டில் காஞ்சிபுரத்துக்கு ஏதோ பேரிடர் நடந்தது போல் இருக்கும். பிரிந்தவற்றை மறுபடி சேர்த்துப் பழைய எல்லையிலேயே வரைவதுதான் வழி.

மாவட்டம் சிறியது என்பதால் வேலை செய்யும் இடமும் குடியிருக்கும் இடமும் பிரிந்துவிடும். ஸ்ரீபெரும்புதூர் ஆலை பஸ்கள் பக்கத்து மாவட்டங்களில் எல்லாம் புகுந்து ஆள் ஏற்றி வருகின்றன. மதிப்பு காஞ்சிபுரத்தில் ஏறும், ஆள் வேறு மாவட்டத்தில் எண்ணப்படுவார். கூடங்குளத்தின் 1,000 மெகாவாட் உலைகள் இரண்டும் ஓடினால் திருநெல்வேலி மாவட்டத்தின் எண் உயரும். ஓர் உலை பராமரிப்புக்கு நின்றால் இறங்கும். ராதாபுரத்து வாழைத்தோப்புக்காரர் வீட்டில் இரண்டு ஆண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். மாவட்டத்துக்கு உற்பத்தித்திறன் போட்டே ஆக வேண்டும் என்றால் பக்கத்து மாவட்டங்களைச் சேர்த்து ஒரு வட்டாரமாகப் போடுங்கள். சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு நான்கையும் ஒன்றாக எடுத்தால் காலையில் போய் மாலையில் திரும்புகிறவர்களில் பெரும்பாலோர் உள்ளேயே அடங்கிவிடுவார்கள்.

அட்டவணைக்குக் கீழே எழுத வேண்டியது

முதல் பயிற்சிக்கு எல்லா மாநிலங்களையும் இழுத்துப்போட்டுக்கொள்ளாதீர்கள். இரண்டு மாநிலம், ஓர் ஆண்டு போதும். தமிழ்நாடு, குஜராத், 2022-23 என்று வையுங்கள். ஜி.எஸ்.டி.பி., மக்கள்தொகை, உழைப்பவர்களின் பங்கு, விவசாயத்தில் இருப்பவர்களின் பங்கு, கிராம, நகரச் செலவு. ஆறு வரி, இரண்டு நெடுவரிசை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் முடிந்துவிடும்.

முடிந்ததும் அட்டவணையின் அடியில் இப்படி ஒரு குறிப்பு எழுதுங்கள்: "நடப்பு விலை, 2011-12 தொடர், இன்ன மாதம் வெளியானது, மக்கள்தொகை முன்கணிப்பு, வேலை செய்பவர்கள் வழக்கமான நிலைப்படி, எல்லா வயதினரும், விலை வேறுபாடு சரிசெய்யப்படவில்லை." இந்தக் குறிப்பில் ஏதாவது ஓர் இடத்தை நிரப்ப முடியாமல் பேனா நின்றால், அந்த எண்ணை எடுத்த தாளுக்கே திரும்பப் போய், தலைப்பை இன்னொரு முறை படியுங்கள்.